தேன் யாவாரத்துக்கு பிளாக் வேணுமா, ரீல்ஸ் போதுமா?

குழித்துறை தேன்பெட்டி:
மார்த்தாண்டம் பக்கம் எங்களுக்கு தேன் யாவாரம், வெப்சைட் போட்டாச்சு. இப்ப ஒரு ஏஜென்சிக்காரர் தினம் ஆயிரம் வார்த்தைல ஒரு பிளாக், ஏஐ வச்சு எழுதி போட்டுத் தாரோம், மூணு மாசத்துல கூகுள்ல முதல் பக்கம்ங்கார். தம்பி என்னன்னா இதெல்லாம் எவன் வாசிக்கான், ரீல்ஸ் போதும்ங்கான். என்ன செய்யலாம்?

களியக்காவிளை மக்கா:
தம்பி சொல்லுததுதான் சரி. எனக்கு நேந்திரங்கா சிப்ஸ் ஆர்டர் முழுக்க இன்ஸ்டாலயும் வாட்ஸ்அப்லயும்தான் வருது, சட்டில சிப்ஸ் பொரியுற சத்தத்தை பத்து செகண்ட் போட்டா போதும் மெசேஜ் வந்துரும். ஆயிரம் வார்த்தை வாசிச்சிட்டா மக்கா ஒருத்தன் சிப்ஸ் வாங்குவான்?

கோட்டாறு எழுத்தாணி:
சிப்ஸுக்கு சரி. பாத்தா வாயூறும், வாங்கிருவான். தேன் வாங்குறவன் அப்படியா? சீனிப்பாகு கலந்திருப்பானோன்னுதான் மொதல்ல யோசிப்பான். தேன் அடியில உறைஞ்சு போச்சு, இது கலப்படமான்னு ராத்திரி கூகுள்லதான் தேடுதான், அந்த நேரம் பதில் உன் சைட்டுல இருக்கணும். உறையுறது இயல்பு, ரப்பர் மரத்துல இருந்து வாற தேன் இன்னும் சீக்கிரம் உறையும், குப்பியை வெதுவெதுப்பான தண்ணில வச்சா இளகிரும், கொதிக்க வைக்காதீங்க. இதை எழுத ஆயிரம் வார்த்தை எதுக்கு?

அப்புறம் ரப்பர் தேன் பூவுல இருந்து வாறது கம்மி, மாசி பங்குனில தளிர் விடும்போது மூணு இலை சேருற காம்பு நுனியில ஊறும்லா, தேனீ அதைத்தான் எடுக்குது. வெளியூர்க்காரனுக்கு இது தெரியவே தெரியாது. காம்பை கிட்ட வச்சு ஒரு போட்டோ எடுத்துப் போடு. ஏஜென்சி ஏஐ இதை எழுதாது, தேனின் பத்து நன்மைகள்னு ஆரம்பிக்கும், அது ஏற்கனவே ஆயிரம் சைட்டுல கெடக்கு.

சாலை பஜார்:
திருவனந்தபுரத்துல மார்க்கெட்டிங் வேலைதான் எனக்கு. ஏஐ-ன்னாலே தப்புன்னு சொல்லாதீங்க சார், எப்படி எழுதினாலும் தரம் இருந்தா போதும்னு 2023 பிப்ரவரியிலேயே கூகுள் சொல்லியாச்சு. மூணு போஸ்ட் போட்டுட்டு சும்மா இருந்தா ஒருத்தனும் வரமாட்டான், தொடர்ந்து போட்டாதான் நடக்கும்.

கோட்டாறு எழுத்தாணி:
தொடர்ந்து போடணும்ங்கது சரி, ஆனா தினமும் எதுக்கு? தேடல்ல முன்னால வரணும்னே கூட்டம் கூட்டமா பக்கம் குவிக்கிறதை ஸ்பேம்னு 2024 மார்ச்ல கூகுள் விதியிலேயே சேர்த்தாச்சு, எழுதுனது ஆளா மெஷினான்னு அதுல வித்தியாசமே இல்ல. முதல் இடத்துக்கு யாராலயும் கேரண்டி குடுக்க முடியாதுன்னும் கூகுளே சொல்லுது, அப்ப மூணு மாசம்னு சொல்லுதவர்கிட்ட எந்த வார்த்தைக்கு முதல் பக்கம்னு கேட்டுப் பாரு. கடைப்பேரை அடிச்சா முதல்ல வாறதுக்கு காசு எதுக்கு?

களியக்காவிளை மக்கா:
எல்லாம் கொள்ளாம், ஆனா இவ்வளவு எழுத நேரம் எங்க இருக்கு வேய்? பெட்டி பாக்கணும், வடிகட்டணும், பார்சல் கட்டணும். ரீல்ஸ்னா போனை தூக்குனா முடிஞ்சு.

கோட்டாறு எழுத்தாணி:
2020 ஜூன் கடைசியில டிக்டாக்கை தடை பண்ணாங்கல்லா, அதை மட்டும் நம்பி இருந்தவனுக்கு ஃபாலோயர் எல்லாம் ஒரே ராத்திரில போச்சு. உன் சொந்த வெப்சைட்டுல கெடக்குறது அப்படி போகாது. ரீல்ஸ் போடாதேன்னு நான் சொல்லல. வாட்ஸ்அப்ல கஸ்டமர் கேக்க கேள்விக்கு எப்படியும் பதில் அடிக்கத்தானே செய்யுத, அதையே கொஞ்சம் நீட்டி சைட்டுல போடு, அடுத்த ஆள் கேட்டா லிங்கை அனுப்பு. நேரம் மிச்சம்தான்.

சாலை பஜார்:
அந்த ஐடியா ஓகே. ஆனா ஒண்ணு, பார்டர் தாண்டி கேரளால பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆளு மலையாளத்துலதான் தேடுவான். தமிழ்ல மட்டும் எழுதுனா பாதி மார்க்கெட் போச்சு. மெஷின்ல மாத்தி அப்படியே போடாதீங்க, மலையாளம் தெரிஞ்ச ஒருத்தர் கண்ணுல ஒருதரம் காட்டிட்டு தனிப் பக்கமா போடுங்க.

குழித்துறை தேன்பெட்டி:
அம்மைக்கு ஊரு பாறசாலைதான், அவங்களே பாத்துருவாங்க. ஏஜென்சிய வேண்டாம்னு சொல்லியாச்சு. தண்ணில சொட்டு விட்டா கரையாம அடிக்குப் போகுற டெஸ்டை வச்சே நிறைய பேரு சண்டைக்கு வாரான், அதை நம்பி சுத்தமான தேன்னு முடிவு பண்ண முடியாதுன்னு எழுதுனா யாவாரம் கெடுமோ?

கோட்டாறு எழுத்தாணி:
கெடாது, எழுது. லேப் ரிப்போர்ட் போட்டோவையும் சேரு. ஈரப்பதம் 20 சதவீதம் தாண்டக்கூடாதுன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ, அதான் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அவங்க விதி இருக்கு, உன் தேன்ல எவ்வளவுன்னு பக்கத்துலயே போட்ரு. பேரு இல்லாத கட்டுரையா போடாத, பெட்டி பாக்குற ஆளு யாருன்னு கீழ தெரியட்டும். கூகுளோட சர்ச் கன்சோல்னு ஒரு டூல் இருக்கு, அதை சைட்டுக்கு போட்டு வச்சுக்கோ, காசு கிடையாது, என்னத்த தேடி உள்ள வாரான்னு அது காட்டும், அடுத்து என்ன எழுதணும்னு அங்கயே கெடைக்கும்.

களியக்காவிளை மக்கா:
நான் இப்பவும் ரீல்ஸ் பக்கம்தான். ஆனா அந்த ரப்பர் காம்பு சமாச்சாரத்தை ரீல்ஸாவும் போடு மக்கா, ஷேர் பண்ணி விடுதேன்.