டிரில் மோட்டாரின் கிளட்சைப் பூட்டுவது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். பேட்டரி செத்துப்போனதால் மலிவாகக் கிடைத்த 12 வோல்ட் கம்பியில்லா டிரில்கள் இரண்டைப் பிரித்து, அவற்றின் மோட்டாரையும் கியர்பாக்ஸையும் சுமார் 15 கிலோ எடையுள்ள ரோபோ வண்டிக்குப் பொருத்த முயன்று வருகிறேன். துளையிடும் பிட்டைப் பிடிக்கும் ‘சக்’ என்ற பாகத்தைக் கழற்றவே ஒரு மாலைப்பொழுது போயிற்று. அதன் வாய்க்குள் இருக்கும் திருகு இடப்புரி மரையுடையது, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும் என்பது, அதன் தலை தேய்ந்த பிறகே எனக்குப் புரிந்தது.

இப்போது சிக்கல், சுமை அளவை மீறினால் வழுக்கிவிடும் பாகமான கிளட்ச்சில்தான். பிளாஸ்டிக் உறையை நீக்கியதும் ஸ்பிரிங்கின் அழுத்தம் போய் எஃகுக் குண்டுகள் தளர்ந்துவிட்டதால், சுமை ஏறியவுடன் கியர்பாக்ஸின் உட்பல் வளையம் தானே சுழல்கிறது, சக்கரம் அசைவதில்லை. குண்டுகள் இருந்த துளைகளில் மரையிட்டுத் திருகுகளை இறுக்கி வளையத்தைப் பூட்டலாமா, எபாக்ஸி பசையே போதுமா? பூட்டிவிட்டால், வண்டி சுவரில் முட்டி நிற்கும்போது பற்கள் உடைந்துவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது.

மேலும், என்னிடமுள்ள எல் 298 டிரைவர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சில்லு) ஒரு சானலுக்கு 2 ஆம்பியர் மட்டுமே தாங்கும். இம்மோட்டார் தடைபட்டு நிற்கையில் அதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். இதே வேலைக்கு, கூடுதல் மின்னோட்டம் தாங்கும் பி.டி.எஸ். 7960 டிரைவரைப் பயன்படுத்தியவர்கள், எத்தனை ஆம்பியர் ஃப்யூஸ் வைத்தீர்கள் என்பதையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.