பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி பூத்த வருஷம் மலையில் உங்களுக்கு நேர்ந்தது என்ன?

மழைமேகம்:
2018 செப்டம்பர். வெள்ளத்தில் பிய்ந்துபோன மூணாறு ரோட்டில் அப்போதுதான் வண்டி விட ஆரம்பித்திருந்தார்கள். வட்டவடைக்கு மேலே வழிகாட்ட முதுவர் என்கிற மலைப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் கூட வந்தார். சரிவு முழுக்கப் பூ. என் மகள் கை நிறையப் பறித்துவிட்டாள். அவர் அதட்டவில்லை. கொத்தை வாங்கி, அந்தச் செடியின் தூரிலேயே சாய்த்து வைத்தார். "இது ஒருக்காப் பூத்தாச் செத்துரும் பாப்பா. வெத விழுந்தாத்தான் அடுத்த பூ" என்றார். அவள் அழுதுவிட்டாள். என் பையில் ஏற்கெனவே ரெண்டு கொத்து இருந்தது. நான் வாயே திறக்கவில்லை. இன்னும் உறுத்துகிறது.

கல்லுப்பாதை:
கொடைக்கானல் பக்கம், 2006. ஒரு முகாமில் மனு எழுதிக்கொடுக்கப் போயிருந்தேன். அந்த மலைப் பழங்குடியான பளியர் அம்மா ஒருத்தர் வந்து உட்கார்ந்தார். வயசு கேட்டேன். விரலை மடக்கினார். "பொறந்தது ஒரு பூவுல. பெரியவளானது அடுத்த பூவுல. மூணாவது பூவுக்குத் தலைச்சன் இடுப்புல இருந்தான்..." இப்படியே வந்து, ஜன்னலுக்கு வெளியே கைகாட்டி "இது ஆறாவது" என்றார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "பூக்கணக்கெல்லாம் இங்க செல்லாது, சுமார் 50னு போடுங்க" என்றார். போட்டேன். ராத்திரி வத்தலக்குண்டு இறங்கும்போது பஸ்ஸில்தான் கூட்டிப் பார்த்தேன். 1946, 58, 70, 82, 94, 2006. அந்த அம்மாவுக்கு 60 வயது. என் சொந்தப் பாட்டி எந்த வருஷம் பிறந்தாள் என்று எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. பத்து வயதைக் குறைத்து எழுதியது இந்தக் கைதான்.

தேன்கூடு:
பன்னிரண்டு, பன்னிரண்டு என்று எல்லாரும் அடித்துச் சொல்கிறீர்கள். 2022 அக்டோபரில் கேரளத்துச் சாந்தன்பாறை கள்ளிப்பாறையில் மலையே நீலமாக இருந்ததை நேரில் பார்த்தவன் நான். 2018க்கும் 2022க்கும் நாலு வருஷம்தானே? இதை வைத்து வயசு எழுதினால் தப்பாகத்தான் வரும். அந்த அதிகாரியைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

கல்லுப்பாதை:
தேன்கூடு, ஒவ்வொரு மலைக்கும் அதனதன் முறை. ஒரே சமயம் விதை விழுந்து முளைத்த செடிகள் ஒன்றாகப் பூத்து ஒன்றாகச் சாகின்றன. கள்ளிப்பாறைக்கு அதன் வருஷம் வேறு. அந்த அம்மா கேரளத்து மலையை எண்ணவில்லை, தன் வீட்டு வாசலில் தெரிந்த மலையை எண்ணினார். அறுபது வருஷம் ஒரே சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது பிசகாது.

சோலைக்குருவி:
நான் 2018இல் கொடைக்கானலில் அரை நாள் தேடி, பைன் தோப்புக்குப் பின்னால் ஒரு ஓரத்தில் கொஞ்சம் பார்த்தேன். அவ்வளவுதான் என் கதை. 2030க்குப் போக நினைப்பவர்களுக்கு நாலு வார்த்தை. பறிக்காதீர்கள், சரி. அதைவிட முக்கியம், பாதையை விட்டு இறங்கி போட்டோவுக்காகச் சரிவில் மிதிக்காதீர்கள். அந்த ஊர்க்காரரைக் கூட்டிப்போங்கள், பேரம் பேசாமல் கூலி கொடுங்கள். பூக்காத வருஷங்களில் ரோட்டோரத்தில் 'சுத்தமான குறிஞ்சித் தேன்' என்று விற்றால் எந்த மலை, எந்த வருஷம் என்று கேளுங்கள். முதுவர், பளியர் வீடுகளில் இந்தத் தேனுக்கு இருக்கிற மதிப்பே வேறு. வள்ளியை மணந்தபோது முருகன் சூடியது இந்தப் பூமாலைதான் என்று சொல்கிறவர்கள் முதுவர்கள். இன்னொன்று. பூ இல்லாத பதினோரு வருஷமும் இது வெறும் பச்சைப் புதர். புல்வெளியும் புதரும் சும்மா கிடக்கிற இடம் என்று நினைத்துத்தான் வாட்டில் என்கிற சீகை மரமும் தைல மரமும் பைனும் நட்டார்கள். 2024இல் இதை அழிய வாய்ப்புள்ள இனம் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (IUCN) செம்பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஆகவே 2030வரை காத்திருக்காமல், செடி பச்சையாக நிற்கும்போதே ஒரு தடவை போய், எந்தச் சரிவில் எவ்வளவு இருக்கிறது என்று அங்கிருக்கிறவர்களிடம் கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மழைமேகம்:
அந்த ரெண்டு கொத்தும் ஊர் வந்து சேர்வதற்குள் சுருங்கிவிட்டன. மகளிடம் இன்னும் சொல்லவில்லை.