கழுகுமலையில் காலடியைப் பார்க்கச் சொன்ன பெரியவர்

சிறு வயதில் எனக்குக் கழுகுமலை என்றால் பங்குனி உத்திரம்தான். கோவில்பட்டியிலிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பஸ் நிரம்பி வழியும். கழுகாசலமூர்த்தியைக் கும்பிட்டு, தேர் பார்த்து, கருப்பட்டி மிட்டாயோடு திரும்பிவிடுவோம். மலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஆச்சி வெட்டுவான் கோயில் கதையைச் சொல்வாள். அப்பன் மேலே செதுக்கினானாம், மகன் கீழே செதுக்கினானாம். மகன் முந்தி முடித்துவிட்டான் என்று காதில் விழுந்ததும் அப்பனுக்குப் பொறுக்கவில்லை, உளியாலேயே பிள்ளையைக் கொன்றுவிட்டானாம். அந்தக் கதைக்குப் பயந்தே நான் மேலே ஏறியதில்லை.

ஏறியது நாற்பது வயதுக்குப் பிறகு, ஒரு மார்கழிக் காலையில். வெட்டுவான் கோயிலைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து எடுத்தது. சிகரம் முழுமை பெற்றுவிட்டது, அடிப்பகுதி பாறையாகவே நிற்கிறது. மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியை மட்டும் யாரும் தவறவிட வேண்டாம்.

நான் சொல்ல வந்தது அதற்கு அப்பால் உள்ள சமணர் பாறையைப் பற்றி. அய்யனார் கோயிலை ஒட்டிய பாறை முகத்தில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், சமணர்கள் வணங்கும் அருளாளர்கள். எல்லாம் ஒரே அச்சு என்று தோன்ற, இரண்டு படம் எடுத்துவிட்டு இறங்கப் பார்த்தேன். நிழலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், என்னைக் கூப்பிட்டார். "தம்பி, முகத்தைப் பார்த்தது போதும். காலடியைப் பாருங்கள்" என்றார்.

குனிந்தேன். சாய்வெயிலில் கீறல்கள் மெல்ல எழுத்துகளாயின. வட்டெழுத்து, தமிழை எழுதிய பழைய எழுத்துமுறை. ஓர் எழுத்தும் எனக்குப் புரியவில்லை. அவர் பாறையைத் தொடாமல், விரலைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்தார்: "செய்வித்த திருமேனி." அடுத்த உருவத்தின் கீழும் அதே முடிவு, அதற்கு முன்னால் வேறொரு பெயர். இந்த உருவத்தைச் செய்யக் கொடுத்தவர் இன்னார், இன்ன ஊர்க்காரர், இன்னாருடைய மாணாக்கர். ஏறத்தாழ 100 கல்வெட்டுகள் இப்படி. ஒரே அச்சு என்று நான் நினைத்தவற்றுக்குக் கீழே ஆளுக்கொரு பெயர்.

என்னை அசைத்தது 'குரத்தியர்' என்ற சொல். சமணத்தில் பாடம் சொன்ன பெண் துறவிகள், பெண் குருமார். திருச்சாரணத்துக் குரத்திகள் செய்வித்த திருமேனி என்று ஒரு கல்வெட்டு இருப்பதை அவர்தான் சொன்னார். திருச்சாரணம் என்பது இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள சிதறால் மலை. அங்கிருந்து இந்தக் கரிசல் காட்டு மலை வரை ஒரு பெண் துறவியின் பெயர் வந்து சேர்ந்திருக்கிறது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே! தெற்கே பெண்கள் ஆசிரியராக இருந்ததைப் பள்ளியில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

பக்கத்துப் பாறையில் யாரோ தன் பெயரையும் காதலியின் பெயரையும் ஆணியால் கீறியிருந்தார்கள். ஓர் உருவத்தின் மடியில் எண்ணெய் வழிந்து பிசுக்கேறியிருந்தது. பெரியவர் எதுவும் சொல்லாமல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அதன்பின் மூன்று முறை போய்விட்டேன். வட்டெழுத்தில் தகரமும் மகரமும் இப்போது பிடிபடுகின்றன. வகரத்தில் இன்னும் தடுமாறுகிறேன். போகிறவர்கள் காலை 7 மணிக்கே ஏறிவிடுங்கள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டால் பாறையும் சுடும், எழுத்தும் மறைந்துவிடும்.