முதலாளியின் மதமும் நம் காப்பீட்டு அட்டையும்: அமெரிக்காவில் நாங்கள் பட்டது

ஓஹாயோவிலிருந்து

எனக்கு மாதவிலக்கு நாட்களில் ரத்தப்போக்கு அளவுக்கு மீறிப் போகும். ஒரு கட்டத்தில் ஹீமோகுளோபின் இறங்கி, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. கருப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் ஐ.யு.டி. வைத்தால் கட்டுப்படும் என்றார் மருத்துவர். கருத்தடைச் சாதனம்தான், ஆனால் அதிக ரத்தப்போக்குக்கான சிகிச்சையாகவும் அமெரிக்காவில் 2009-லேயே அனுமதி பெற்றது.

கணவர் அப்போது ஒரு கத்தோலிக்க மருத்துவமனைக் குழுமத்தில் மென்பொருள் வேலையில் இருந்தார். நான் அவரைச் சார்ந்து வந்த ஹெச்-4 விசா. அவருடைய இன்ஷூரன்ஸ்தான் குடும்பம் மொத்தத்துக்கும். கிளினிக்கின் பில்லிங் கவுன்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "மத விலக்கு இருப்பதால் உங்கள் பிளான் கருத்தடைச் செலவை ஏற்காது. வேறு காரணம் என்றால் டாக்டர் எழுதித் தர வேண்டும். எதற்காக வைக்கிறீர்கள்?" என்றார். பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். கையிலிருந்து கட்டுவதென்றால் ஆயிரம் டாலரைத் தாண்டும்.

கடிதம் போனது, திரும்பி வந்தது, மறுபடியும் போனது. கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். அதுவரை இரும்புச்சத்து மாத்திரையில் ஓட்டினேன். அலைச்சலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கணவர் ஹெச்.ஆரில் விசாரித்தபோது அங்கேயும் "எதற்காக?" என்று கேட்டிருக்கிறார்கள். மனைவியின் ரத்தப்போக்கைப் பற்றி ஒருவர் தன் அலுவலகத்தில் ஏன் விளக்க வேண்டும்? அதுதான் இன்றுவரை ஆறவில்லை. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காப்பர்-டி இலவசமாக வைத்துவிடுகிறார்கள். வேலை கொடுத்தவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்ற பேச்சே அங்கே எழாது.

2012 பிப்ரவரியில் ஜார்ஜ்டவுன் சட்ட மாணவி சான்ட்ரா ஃப்ளூக் நாடாளுமன்றத்தில் சொல்ல வந்தது இதைத்தான். இயேசு சபையினரின் பல்கலைக்கழகம் அது. கருத்தடைக் காப்பீடு பற்றி நடந்த முதல் விசாரணையில் அவரைப் பேசவிடவில்லை. அன்று முதல் அமர்வில் சாட்சி சொல்ல உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். ஒரு வாரம் கழித்து ஜனநாயகக் கட்சியினர் கூட்டிய அமர்வில்தான் பேசினார். சினைப்பை நீர்க்கட்டிக்காக மாத்திரை தேவைப்பட்ட தோழிக்குக் காப்பீடு கைவிரித்ததையும், கடைசியில் அவர் ஒரு சினைப்பையையே இழந்ததையும் சொன்னார். அதற்காக வலதுசாரி ரேடியோ பேச்சாளர் ரஷ் லிம்பா ஃப்ளூக்கைக் கேவலமாகத் திட்டினார். படிக்கும்போது எனக்குக் கை நடுங்கியது.

நியூ ஜெர்ஸியிலிருந்து

அக்கா, நான் ஒரு நிறுவனத்தில் ஊழியர் காப்பீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். உங்களுக்கு நடந்தது எங்கே தொடங்கியது என்று சொல்கிறேன்.

2010-ல் வந்த ஒபாமாகேர் என்ற மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ், 2012 ஆகஸ்டுக்குப் பிறகு தொடங்கும் பிளான்களில் கருத்தடையைச் சேர்க்க வேண்டும், அதற்குக் கோ-பே, அதாவது நாம் கையிலிருந்து கட்டும் பங்கு, கூடாது என்று விதி வந்தது. தேவாலயங்களுக்கு மட்டும் முதலிலேயே விலக்கு. மத அமைப்புகள் நடத்தும் மருத்துவமனை, கல்லூரிகளுக்கு ஒரு நடுவழி: "எங்களுக்கு ஆட்சேபம்" என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால், காப்பீட்டு நிறுவனமே தனியாகச் செலவை ஏற்கும். பெண்ணின் கையிலிருந்து காசு போகாது. என் கண்ணில் அது நியாயமான ஏற்பாடு.

அப்புறம் ஹாபி லாபி வழக்கு. ஓக்லஹோமாவில் கைவினைப் பொருள் கடைகள் நடத்தும் குடும்பம். 20 கருத்தடை முறைகளில் 4-க்கு மட்டும் மத நம்பிக்கையைக் காட்டி ஆட்சேபம் சொன்னார்கள்: இரண்டு அவசரக் கருத்தடை மாத்திரைகள், இரண்டு வகை ஐ.யு.டி. 2014 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்று அவர்கள் பக்கம் நின்றது. குறைந்தபட்சக் கூலி வாங்கும் பெண்ணுக்கு ஐ.யு.டி. செலவு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் என்பதை எதிர்த்துத் தீர்ப்பெழுதிய நீதிபதி கின்ஸ்பர்க் சுட்டிக்காட்டினார்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. சில மாநிலங்களில் கருத்தடையைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று சொந்தச் சட்டம் உண்டு. ஆனால் பெரிய நிறுவனங்கள் ஊழியர் சிகிச்சைக்குத் தாங்களே பணம் ஒதுக்கிக்கொள்கின்றன. காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் அட்டையில் இருக்கும், அவ்வளவுதான். அந்த வகை பிளானை மாநிலச் சட்டம் தொடாது. வேலையில் சேரும் முன் "பிளான் செல்ஃப்-ஃபண்டடா? கருத்தடைக்கு விலக்கு உண்டா?" என்று பொதுவாகக் கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

டெக்சஸிலிருந்து

நான் தூத்துக்குடிக் கத்தோலிக்கக் குடும்பம். 'லிட்டில் சிஸ்டர்ஸ் ஆஃப் த புவர்' கன்னியர்கள் வழக்குப் போட்டபோது என் மனம் அவர்கள் பக்கம்தான் இருந்தது. ஏழை முதியவர்களைக் கடைசி மூச்சுவரை பார்த்துக்கொள்கிறவர்கள். அந்த ஆட்சேபக் கடிதமே இன்னொருவர் மூலம் கருத்தடையை வழங்க வைக்கிறது, அதனால் எழுதுவதே பாவத்துக்குத் துணைபோவது என்றார்கள். வெளியில் இருப்பவர்களுக்கு அற்பமாகத் தெரியலாம். விசுவாசிக்கு அப்படியில்லை.

இவர்கள் எல்லாம் பிடித்துக்கொண்ட 1993-ஆம் ஆண்டு மதச் சுதந்திரச் சட்டம் எப்படி வந்தது தெரியுமா? ஓரிகனில் பூர்வகுடிச் சபையின் சடங்கில் பெயோட்டி என்ற போதைதரும் கள்ளியை உட்கொண்டதற்காக வேலை போன இருவருக்கு, வேலையில்லாதோர் உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. 1990-ல் உச்ச நீதிமன்றமும் கைவிட்டது. அந்தக் கோபத்தில் இரு கட்சிகளும் சேர்ந்து கொண்டுவந்த சட்டம் அது. வேலை போனவனின் கண்ணீரிலிருந்து பிறந்த சட்டம், இன்று வேலை கொடுப்பவர் கையில் இருக்கிறது. இது என்னை உறுத்துகிறது.

டிரம்ப் அரசு விலக்கை விரிவாக்கி, ஆட்சேபக் கடிதம் என்ற அந்த நடுவழியையும் முதலாளி விரும்பினால் மட்டும் பின்பற்றினால் போதும் என்று ஆக்கியது. 2020-ல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று அதை ஏற்றது. 70,500 முதல் 1,26,400 பெண்கள் வரை கருத்தடைக்கான காப்பீட்டை இழக்கலாம் என்பது அரசே போட்ட கணக்கு. கன்னியர்களின் மனசாட்சியை மதிக்கிறேன். அதன் பில் ஓஹாயோ சகோதரிக்கு வரக்கூடாது. அரசு தன் பணத்தில் நேரடியாகக் கொடுத்துவிட்டால் யாரும் கடிதமும் எழுத வேண்டாம், யாரும் கவுன்டரில் கூனிக்குறுகவும் வேண்டாம்.

மீண்டும் ஓஹாயோவிலிருந்து

நன்றி டெக்சஸ் அண்ணா. நீங்கள் இந்தப் பக்கம் நின்று பேசியது ஆறுதலாக இருந்தது. இதே நிலைமையில் இருப்பவர்களுக்கு: அரசு நிதியில் நடக்கும் டைட்டில் டென் என்ற குடும்பக் கட்டுப்பாட்டு கிளினிக்குகளில் வருமானத்தைப் பொறுத்துத்தான் கட்டணம். ஓபில் என்ற கருத்தடை மாத்திரை 2024 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கிறது, மாதத்துக்கு 20 டாலர் அளவில். உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்மசிஸ்டிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். என்னைப் போல ஐ.யு.டி.தான் வேண்டும் என்றால், டாக்டரின் கடிதத்தில் ரத்தப்போக்கு நோயின் பெயரும் ஹீமோகுளோபின் அளவும் முதல் வரியிலேயே இருக்கட்டும். திருப்பி அனுப்பினால் எழுத்தில் மேல்முறையீடு செய்யுங்கள்.