தாராசுரத்தில் வீடு: கையிருப்பு முழுவதையும் போடலாமா?

கேள்வி: தாராசுரம் பக்கம் 25 லட்சத்துக்கு ஒரு வீடு படிந்திருக்கிறது. கையில் 6 லட்சம்தான் இருக்கிறது, மொத்தத்தையும் போட்டுக் கடனைக் குறைக்கலாமா அண்ணன்மார்களே?

பதில்: வேண்டாம் தம்பி. 30 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம், ஆனால் முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம் உங்கள் கைக்காசுதான், அதுவே இரண்டேகால் லட்சம் ஆகிவிடும். அப்புறம் மோட்டார், பெயின்ட் செலவு வேறு.

பதில்: மாறும் வட்டியில் எடுங்கள், முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை. வயல் இருந்தால், தை, மாசியில் சம்பா நெல் விற்ற பணம் வந்ததும் அசலில் கட்டுங்கள்.

பதில்: முதலில் 30 வருஷ வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்) போட்டுப் பாருங்கள். நஞ்சையைப் பிரித்த மனை என்றால் அங்கீகாரம் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.