சிந்துகோஷ் வகை நீர்மூழ்கிகளுக்கு இன்னொரு ரீஃபிட் (பெரும் பழுதுபார்ப்பு) தேவையா?

தலவாக்கலை பவர்
2024 ஆகஸ்டில் கொழும்புக்கு வந்துபோன இந்திய நீர்மூழ்கி ஷல்கியை வைத்து, "1992 படகே ஓடுது, இந்தியாவின் கிலோ படகுகளையும் புதுப்பித்து ஓட்டலாமே" என்று இங்கே பலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. ஷல்கி ஜெர்மன் 209 வகை, ஒற்றை ஹல் (படகின் உடற்கூடு). கிலோ என்று நீங்கள் சொல்லும் சிந்துகோஷ் வகை ரஷ்ய 877, இரட்டை ஹல். இரண்டு ஹல்லுக்கும் நடுவில், படகு மூழ்க நீர் நிரப்பும் பலாஸ்ட் தாங்கிகளும் குழாய்களும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அந்த இடுக்கில் உப்புநீர் தின்பது வெளியே தெரியாது. 1986 முதல் 2000 வரை பத்துப் படகுகள் வந்தன. சிந்துரக்ஷக் 2013இல் வெடித்துப் போனது, சிந்துவீர் 2020இல் மியன்மாருக்குப் போனது, சிந்துத்வஜ் 2022இல் ஓய்வு பெற்றது. மிச்சத்துக்கு இனிக் காசைக் கொட்ட வேண்டாம்.

ஹட்டன் மெக்கானிக்
அண்ணே, துருவை ஊகிக்க வேண்டியதில்லை, அளக்கலாம். ஹல்லின் மேல் ஒட்டிய ரப்பர் ஓடுகளை உரித்து, மணல் வீச்சில் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுத்தம் செய்து, கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அல்ட்ராசோனிக் கருவியால் தகட்டின் தடிப்பைப் பார்ப்பார்கள். சிறு குழி என்றால் வெல்டிங்கால் நிரப்பித் தேய்ப்பது. வரம்புக்குக் கீழே போயிருந்தால் தகட்டையே வெட்டி மாற்றி, வெல்டுக்கு எக்ஸ்ரே எடுப்பது.

கவனமாகப் பார்க்க வேண்டியது பட்டரிக் குழியின் அடி. செல்லிலிருந்து கசியும் அமிலம் அங்கேதான் தேங்கும். 120 செல் வீதம் இரண்டு தொகுதி, ஒரு செல்லே அரை டன்னுக்கு மேல். அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கழற்றி வெளியே எடுத்தால்தான் அந்தத் தகடு கண்ணில் படும். அதனால்தான் ரீஃபிட்டுக்கு வருடக்கணக்கு. தேயிலை பெக்டரி ஜெனரேட்டருக்கு ரிங் செட் மாற்றி மறுநாள் ஓட்டுகிற வேலை இல்லை இது.

ரஷ்யாவின் ஸ்வெஸ்டோச்கா கப்பல் தளத்தில் 2016இல் பிரித்த சிந்துகேசரி 2018இல் திரும்பி வந்தது. ஆயுள் கணக்கை 35 ஆண்டுக்குத் தள்ளினார்கள்.

பதுளை வால்வு
நல்ல உதாரணத்தை மட்டும் எடுக்காதீர்கள் தம்பி. விசாகப்பட்டினத்தில் 2006இல் பிரித்த சிந்துகீர்த்தி 2015இல்தான் வெளியே வந்தது. ஒன்பது வருடம்! ஒரு படகின் ஆயுளில் கால்வாசி தளத்திலேயே போயிற்று.

வெப்பத்தையும் பாருங்கள். குளிர்க்கடலை மனதில் வைத்து வரைந்த வடிவம் இது. வங்காள விரிகுடாவில் மேல்நீரே 28, 30 பாகை. ஈய அமில பட்டரிக்கு 10 பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். சூடான பட்டரியைச் சார்ஜ் செய்தால் ஹைட்ரஜனும் கூடும். காற்றில் அது 4 வீதத்தைத் தொட்டால் ஒரு பொறி போதும். 2010இல் சிந்துரக்ஷக்கில் பட்டரி வால்வு கோளாறில் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்து ஒரு மாலுமி இறந்தார். ரஷ்யாவில் ரீஃபிட் முடிந்து வந்த அதே படகுதான் 2013 ஆகஸ்டில் மும்பாயில் 18 பேரோடு போனது.

ஹட்டன் மெக்கானிக்
2013ஐ ஹல்லின் வயதோடு சேர்க்காதீர்கள் ஐயா. வெடிப்பு முன்பகுதி ஆயுத அறையில். பழைய ஹல்லும் புதிய ஹல்லும் டோர்பிடோ (நீருக்கடியில் பாயும் குண்டு) வெடித்தால் ஒன்றுதான். பட்டரி விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. காற்றோட்டத்தையும் வால்வையும் தவறாமல் பார்க்காத தளத்துக்குப் படகைக் கொடுக்கவே கூடாது.

பண்டாரவளை வானொலி
லித்தியம் பட்டரி போட்டால் என்ன அண்ணே? ஜப்பான் 2020இல் ஓர்யூ நீர்மூழ்கியில் போட்டதே.

ஹட்டன் மெக்கானிக்
ஓர்யூவை லித்தியத்துக்கென்றே கட்டினார்கள், தம்பி. பழைய படகில் ஈயத்தின் பாரமும் சமநிலைக் கணக்கில் சேர்ந்தது. இலேசான செல் வைத்தால் குறைந்த எடைக்கு ஈயக்கட்டி அடுக்க வேண்டும், முன்பின் சமநிலையை மறுபடி கணக்கிட வேண்டும், சார்ஜ் கட்டுப்பாடும் தீயணைப்பும் முழுக்க மாறும். காற்றுக்காக மேலே வராமல் ஓடவைக்கும் காற்றில்லா உந்துதலுக்கு அதைவிடச் சிரமம்: ஹல்லைக் குறுக்கே அறுத்துப் புதிய துண்டு சேர்க்க வேண்டும். முப்பது வருடப் படகுக்கு இரண்டும் வேண்டாம். சோனார் (ஒலியால் நீருக்கடியில் தேடும் கருவி) மாற்றம் பயன் தரும். கொச்சியில் வடிவமைத்த உஷுஸ் சோனார் அப்படித்தான் வந்தது. 220 கிலோமீற்றர் பாயும் கிளப் ஏவுகணையும் பழைய டோர்பிடோ குழாய் வழியே போகிறது.

தலவாக்கலை பவர்
அப்படியென்றால் படகுக்குப் படகு பார்த்து முடிவெடுங்கள். 2000இல் வந்த சிந்துசாஸ்த்ராவுக்குச் செலவழிப்பதை நான் எதிர்க்கவில்லை. 1986–88 படகுகளுக்கு ஒரு ரூபாயும் வேண்டாம்.

ஹட்டன் மெக்கானிக்
அதை ஏற்கிறேன் அண்ணே, ஒரு நிபந்தனையோடு. புதிய ஸ்கோர்பீன் வகை நீர்மூழ்கிகளுக்கு இந்தியா போட்ட ஒப்பந்தம் 2005. முதல் படகு 2017 டிசம்பர், ஆறாவது 2025 ஜனவரி. அடுத்த தொகுதியும் அதே வேகத்தில் வந்தால், மாலுமிகள் கடலில் பழக என்ன மிஞ்சும்? மாற்றுப் படகு கையில் வரும் முன் பழையதைக் கழிக்கக் கூடாது.