பதில் வரவில்லை என்றால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தமா? ஆர்பிசி எழுதியவர்களின் அனுபவங்கள்

வேறொரு கணினியில் இருக்கும் ஃபங்ஷனை நம் நிரலுக்குள்ளேயே இருப்பது போல அழைக்க வைப்பதுதான் ஆர்பிசி (ரிமோட் ப்ரொசீஜர் கால்). அந்த "இருப்பது போல" என்ற இடத்தில் எனக்கு ஒரு மாதம் போனது. நடந்ததை விவரமாக எழுதுகிறேன். ஆர்பிசியில் கிளையன்ட் (அழைக்கும் நிரல்), சர்வர் (வேலையைச் செய்து தரும் நிரல்) எழுதியவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கிடங்கு. அதன் சரக்கு இருப்புக் கணக்கு சி மொழியில் எழுதிய பழைய நிரல். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய சன் ஆர்பிசியில் ஓடியது. யாரோ எழுதிவிட்டுப் போனதை நான் பராமரித்தேன். என்னென்ன ஃபங்ஷன்கள், என்னென்ன உள்ளீடுகள் என்று ஒரு சின்னக் கோப்பில் எழுதினால், கிளையன்ட் பக்க ஸ்டப், சர்வர் பக்க ஸ்டப் (அழைப்பையும் பதிலையும் நெட்வொர்க்கில் அனுப்பி வாங்கும் இடைநிரல்கள்), தரவைப் பொதுவான வடிவத்துக்கு மாற்றும் எக்ஸ்டிஆர் நிரல் எல்லாவற்றையும் ஆர்பிசிஜென் என்ற கருவி உருவாக்கித் தந்துவிடும். சர்வர் எழுந்ததும் 111-ஆம் போர்ட்டில் இருக்கும் போர்ட்மேப்பரிடம் (எந்த நிரல் எந்தப் போர்ட்டில் என்று சொல்லும் சேவை) தன் நிரல் எண்ணைப் பதிந்துகொள்ளும். கிளையன்ட் அங்கே விசாரித்துவிட்டுச் சர்வரிடம் வரும். கிடங்கில் பெட்டி எடுத்தால் "இந்தச் சரக்கில் 40 குறை" என்று ஓர் அழைப்பு போகும். அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் கணக்கு உதைத்தது. ஸ்டோர் கீப்பர் அண்ணன் தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். "தம்பி, நான் எடுத்தது 40 பெட்டி. இது 80 குறைச்சிருக்கு. போன வாரம் 120 குறைச்சது." தேதியும் நேரமும் போட்டுப் பேனாவால் எழுதி வைத்திருந்தார். பட்டனை இரண்டு தடவை அமுக்கிவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார். நான் நம்பவில்லை. திரையைத்தான் இரண்டு வாரம் நோண்டிக்கொண்டிருந்தேன். அந்த நோட்டை அன்றைக்கே ஒழுங்காகப் படித்திருக்க வேண்டும். 40, 80, 120 எல்லாமே சரியான மடங்கு. பட்டனில் கை தவறினால் வாரம் தவறாமல் சனிக்கிழமை சாயங்காலத்தில் மட்டும் தவறுமா?

அடுத்த சனிக்கிழமை, நெட்வொர்க்கில் போவதைப் பதிவு செய்யும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டு உட்கார்ந்தேன். 6 மணிக்கு மேல் ஒரு வேண்டுகோள் போனது. சரியாக 5 விநாடி கழித்து இன்னொன்று, அப்புறம் 5 விநாடியில் மூன்றாவது. மூன்றிலும் எக்ஸ்ஐடி எண் (ஒவ்வோர் அழைப்புக்கும் தரப்படும் அடையாள எண்) ஒன்றேதான். மனிதர் அமுக்கியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் புது எண் வந்திருக்கும். இது ஆர்பிசி நூலகமே (லைப்ரரி) அனுப்பியது.

அந்த நேரத்தில் வார அறிக்கை ஓடும். இருப்புக் கோப்பைப் பூட்டி வைத்துக்கொள்ளும். பூட்டு திறக்கும் வரை சர்வர் 7 விநாடி நிற்கும், சில வாரம் 12 விநாடி. கிளையன்ட் யுடிபி (போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்யாத முறை) வழியாகப் பேசியது. 5 விநாடியில் பதில் வராவிட்டால் அதே வேண்டுகோளை மறுபடி அனுப்பும். மொத்தம் 25 விநாடி வரை இப்படியே முயன்று பார்க்கும். சர்வரோ ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். அடுத்தடுத்து வந்தவை வரிசையில் காத்திருந்தன. முதல் வேலை முடிந்து பதில் போனதும் கிளையன்ட் திருப்தியாக நகர்ந்துவிட்டது. சர்வர் வரிசையில் கிடந்ததையும் எடுத்துச் செய்தது. 7 விநாடி தாமதித்தால் இரண்டு தடவை, 12 விநாடி என்றால் மூன்று தடவை. ஸ்டோர் கீப்பர் நோட்டில் இருந்த கணக்கு அப்படியே பொருந்தியது.

இது ரகசியமும் இல்லை. 1988-இல் வந்த ஆர்எஃப்சி 1057 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில், சன் ஆர்பிசியின் விவரிப்பிலேயே இருக்கிறது: யுடிபியில் மறுபடி மறுபடி அனுப்பும்போது பதில் வந்தால் அந்த வேலை ஒரு தடவையாவது நடந்தது என்று மட்டும் சொல்லலாம், வராவிட்டால் எத்தனை தடவை நடந்ததென்று, நடந்ததா என்றுகூட, சொல்ல முடியாது. ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பிர்ரெல், நெல்சன் இருவரும் 1984-இல் ஆர்பிசி பற்றி எழுதிய கட்டுரை இதைவிடக் கறாரானது. பதில் வந்தால் சரியாக ஒரே தடவை. பிழை என்று திரும்பினால் ஒரு தடவையோ பூஜ்யமோ, அதற்கு மேல் கிடையாது. பூஜ்யமா ஒன்றா என்பதை அவர்களாலும் அழைத்தவருக்குச் சொல்ல முடியவில்லை. அதை நான் படித்தது எல்லாம் முடிந்த பிறகு.

முதலில், போய்ச் சேர்வதைத் தானே கவனித்துக்கொள்ளும் டிசிபிக்கு மாற்றினேன். நூலகம் மறுபடி அனுப்புவது நின்றது. ஆனால் 25 விநாடி தாண்டி "டைம்ட் அவுட்" என்று வந்தால் கிடங்கில் இருப்பவர் நிஜமாகவே பட்டனை மறுபடி அமுக்குவார், அதில் அவர் தவறு எதுவும் இல்லை. அதனால் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் கிளையன்ட் ஓர் எண் கொடுக்கும்படி செய்தேன். மறுபடி அமுக்கினாலும் அதே எண்தான் போகும். ஏற்கெனவே செய்த எண் வந்தால் சர்வர் கணக்கில் கை வைக்காமல் பழைய பதிலையே திருப்பித் தரும். ஆர்பிசி நிரலின் பதிப்பு எண்ணை 1-இலிருந்து 2 ஆக்கி, பழையது புதியது இரண்டையும் சேர்த்தே பதிவு செய்தேன். அதனால் எல்லா மேசைகளின் கிளையன்ட்டையும் ஒரே நாளில் மாற்ற வேண்டிய நெருக்கடி வரவில்லை.

* * *

அண்ணா, 25 விநாடி என்றதும் எனக்குக் கல்லூரி ஆய்வகம் ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு எண்களைக் கூட்டித் தரும் சர்வர் எழுத வேண்டும். 2, 3 கொடுத்தேன். திரை அசையவில்லை. சரியாக 25 விநாடி கழித்து டைம்ட் அவுட். நெட்வொர்க் கேபிளைக்கூட மாற்றிப் பார்த்தேன். சர்வரில் பிரின்ட் போட்டால் 5 என்று சரியாகக் கூட்டியிருக்கிறது!

ஆர்பிசிஜென் தரும் சர்வர் ஃபங்ஷன் விடையைத் தராது, விடையின் முகவரியைத் தரும். அது உருவாக்கும் மாதிரியில் அந்த மாறிக்கு முன்னால் ஸ்டாட்டிக் (ஃபங்ஷன் முடிந்த பிறகும் மாறியை அழியாமல் வைக்கும் சொல்) என்று போட்டிருக்கும். எதற்கு என்று புரியாமல் நான் அழித்துவிட்டேன். ஃபங்ஷன் முடிந்ததும் செத்துப்போகும் மாறியின் முகவரி என்பதால் கம்பைலரான ஜிசிசி எச்சரித்துவிட்டு நல் (வெற்று முகவரி) மதிப்பைத் திருப்பியது. நல் வந்தால் சர்வர் ஸ்டப் பதிலே அனுப்பாது. அந்த எச்சரிக்கை வரியை நான் முதல் நாளே பார்த்தேன், வெறும் எச்சரிக்கைதானே என்று விட்டுவிட்டேன்.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று. பழைய லேப் நோட்டை அப்படியே தட்டினால் ஆர்பிசி ஹெடர் கோப்பே இல்லை என்று வரும். 2020-இல் வந்த 2.32 பதிப்போடு, லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி அதை நீக்கிவிட்டது. அதற்கு மாற்றான லிப்டிஆர்பிசி நூலகத்தை நிறுவி, கம்பைல் செய்யும்போது அதைச் சேர்க்க வேண்டும்.

* * *

என்னுடையது சின்னது. பைத்தானில் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி (அழைப்பை எக்ஸ்எம்எல் உரையாக அனுப்பும் வகை). வாடிக்கையாளர் பதிவு, சோதனையில் எல்லாம் ஓடியது. நிஜத் தரவு போட்டதும் கிளையன்ட்டிலேயே ஓவர்ஃப்ளோ பிழை. சோதனையில் செல்பேசி எண்ணாக 12345 என்று கொடுத்திருந்தேன். எக்ஸ்எம்எல்-ஆர்பிசியில் முழு எண் 32 பிட்தான். 2147483647-க்கு மேல் ஏறாது. நம் ஊர் செல்பேசி எண்கள் 10 இலக்கம், 6 முதல் 9 வரையான இலக்கத்தில் தொடங்குபவை, ஒன்றுகூட உள்ளே போகாது. சரமாக (ஸ்ட்ரிங்) மாற்றினேன். செல்பேசி எண்ணை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை, அது முதலிலேயே சரமாக இருந்திருக்க வேண்டும்.

* * *

நான் கூகுள் உருவாக்கிய ஜிஆர்பிசி பக்கம். காலம் மாறினாலும் அண்ணா சொன்ன சிக்கல் அங்கேயும் இருக்கிறது. நாமாகக் கெடு வைக்காவிட்டால் ஜிஆர்பிசி கிளையன்ட் காத்துக்கொண்டே இருக்கும். எங்களிடம் நான்கு சேவைகள் ஒன்றையொன்று அழைக்கும். கடைசிச் சேவையின் டிஸ்க் ஒரு நாள் நின்றுபோனது. அது செத்திருந்தால் உடனே பிழை வந்திருக்கும். உயிரோடு இருந்தது, பதில்தான் சொல்லவில்லை. அதைக் கூப்பிட்டவை எல்லாம் காத்து நின்று, பத்து நிமிடத்தில் முன்வாசல் சேவை வரை அடைத்துக்கொண்டது.

இப்போது முன்வாசலில் 2 விநாடி கெடு. உள்ளே போகப் போக மிச்சமிருக்கும் நேரம் மட்டும் கடத்தப்படும். ஆனால் கெடு தாண்டியது என்று பிழை வந்தாலும் வேலை முடிந்திருக்கலாம் என்று ஜிஆர்பிசி ஆவணமே சொல்கிறது. அதனால் பணம், இருப்பு சம்பந்தப்பட்ட அழைப்புகளில் நாங்களும் வேண்டுகோள் எண் வைத்திருக்கிறோம். அண்ணா, அந்த எண்களை எங்கே, எத்தனை நாள் சேமித்தீர்கள்? கிளையன்ட்டை மறுபடி தொடங்கினால் என்ன ஆகும்?

* * *

நல்ல கேள்வி, தங்கச்சி. இரண்டிலும் அடி வாங்கினேன்.

முதலில் எண்களைச் சர்வரின் நினைவகத்தில் வைத்தேன். மின்சாரம் போய் வந்ததும் எல்லாம் அழிந்து, பழைய வேண்டுகோள் ஒன்று மறுபடி நிறைவேறிவிட்டது. அப்புறம் இருப்புக் கோப்பிலேயே, கணக்கு மாறும் அதே எழுத்தில் எண்ணும் சேர்ந்து பதிவாகும்படி மாற்றினேன். 30 நாள் வைத்திருந்தேன்.

இரண்டாவது அடி இதற்கு நேரெதிர். கிளையன்ட்டை மறுபடி தொடங்கியதும் எண் 1-இலிருந்து ஆரம்பித்தது. சர்வரிடம் 1 முதல் 300 வரை ஏற்கெனவே இருந்தன. புது வேண்டுகோளையெல்லாம் பழையது என்று நினைத்துப் பழைய பதிலையே தந்தது. பெட்டி வெளியே போகிறது, கணக்கு குறையவே இல்லை. இந்தத் தடவை ஸ்டோர் கீப்பர் அண்ணன் நோட்டோடு வந்ததும் கிளையன்ட்டை எப்போது மறுபடி தொடங்கினோம் என்றுதான் முதலில் பார்த்தேன். அவர் நோட்டில் வித்தியாசம் ஆரம்பித்த நேரமும் அதுவும் ஒன்றாக இருந்தன. மேசை எண், கிளையன்ட் எழுந்த நேரம், வரிசை எண் மூன்றையும் சேர்த்து ஒரே அடையாளமாக்கினேன். பதில் வராத வேண்டுகோளின் அடையாளத்தை கிளையன்ட் தன் டிஸ்க்கிலும் எழுதி வைக்கும். மறுபடி எழுந்ததும் முதலில் அதைத்தான் சர்வரிடம் கேட்கும்.